பாட்டுக்கு ஏ.எம்., பேச்சுக்கு எஸ்.எஸ்.பி.

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத் தோட்ட லயங்களில் தாத்தாமார் சிற்றலையில் இலங்கை வானொலி கேட்டது ஏ.எம்.மில், அதாவது ஒலிக்கேற்ப அலையின் வீச்சை மாற்றி அனுப்பும் முறையில். ஹாம், அதாவது பொழுதுபோக்கு வானொலியாளர்களான பேரப்பிள்ளைகள் 7 மெகாஹெர்ட்ஸில் பேசுவது எஸ்.எஸ்.பி.யில், அதாவது கேரியரை விட்டு ஒரு பக்கப்பட்டையை மட்டும் அனுப்பும் முறையில்.

ஏ.எம்.மில் கேரியர் என்ற தாங்கி அலை கூடவே வரும். ட்யூனிங் சற்று விலகினாலும் சுருதி மாறாது. எஸ்.எஸ்.பி.யில் அதைக் கேட்கும் ரேடியோவே உண்டாக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் தவறினால் 200, 400 என்றிருந்த சுரமும் மேல்சுரமும் 250, 450 ஆகிவிடும். இரட்டிப்பு உறவு உடைந்தால் நாதஸ்வரம் கேட்கச் சகிக்காது. பேச்சு மட்டும் தப்பிக்கும். எஸ்.எஸ்.பி. சிக்னலின் அகலமும் சுமார் 2.7 கிலோஹெர்ட்ஸ்தான், ஜால்ரா காணாமல் போகும். ஆனால் குறைந்த வாட்டில் தூரம் பேச எஸ்.எஸ்.பி.தான்.

அமெரிக்க ராக் குழு ஈகிள்ஸின் கிட்டார் கலைஞர் ஜோ வால்ஷும் ஹாம்தான். அவரானாலும் ஹாம் அலைவரிசையில் பாட்டுப் போட அனுமதியில்லை. தாத்தாவின் ரேடியோவில் ஹாம் பேச்சு வாத்துக் கத்தல்தான், விட்டுப்போன கேரியரை உண்டாக்கும் பி.எஃப்.ஓ. என்ற சுற்றைச் சேர்த்தால் புரியும்.