பிரான்ஸின் தெற்குக் கடற்கரையில் பந்தோல் பக்கம் வைன் வாங்கப் போகிறவர்கள் வாசியுங்கள், எங்கள் 420 யூரோ போய்விட்டது

பெட்டியைத் திறந்து பத்து நாள் ஆகிறது, கோபம் இன்னும் அடங்கவில்லை. 420 யூரோ. அதுவும் என்னுடைய காசு மட்டும் இல்லை, எங்கள் குசினியில் வேலை செய்கிற 14 பேர் ஆளுக்கு 30 யூரோ போட்டுச் சேர்த்த காசு. பாத்திரம் கழுவுகிற மாலி நாட்டுப் பையன் கூட மறுபேச்சில்லாமல் எடுத்துத் தந்தான்.

எங்கள் ஷெஃப் 2025 செப்டம்பரில் ஓய்வு பெற்றார். தூலோன் பக்கத்து ஆள். அவருடைய ஊர் வைன் பந்தோல் என்று பல வருஷமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். கடலைப் பார்த்த குன்றுகளில் கல் அடுக்கிப் படிப்படியாகக் கட்டிய தோட்டங்கள், மழை பெய்தாலும் ஈரத்தை உலர்த்திவிடுகிற மிஸ்ட்ரால் காற்று, தாமதமாகப் பழுக்கிற மூர்வேத்ர் திராட்சை, எல்லாம் கையாலேயே பறிப்பார்கள் என்று வெங்காயம் வெட்டிக்கொண்டே கதைப்பார். ஓகஸ்டில் நான் குடும்பத்தோடு அந்தப் பக்கம் போகிறேன் என்றதும், அவருடைய பிரியாவிடை விருந்துக்குப் பரிசாக அங்கேயே வாங்கி வா என்று எல்லோரும் காசைக் கையில் தந்தார்கள்.

கடை துறைமுகத்துக்குக் கிட்ட, சுற்றுலாக்காரர் நடக்கிற தெருவில். பெயர் எழுதவில்லை. உள்ளே இருந்தவர் அவ்வளவு மரியாதை. என் மகளுக்குத் தண்ணீர் கொடுத்தார், எனக்கு 2019 பந்தோல் ஒன்றைத் திறந்து ஊற்றினார், லா கடியேர் குன்று எது, லு காஸ்தல்லே எது என்று சுவரில் இருந்த படத்தில் காட்டினார். குடித்த வைன் உண்மையிலேயே நல்லது, அதில்தான் விழுந்தேன். ஒரு போத்தல் 35 யூரோ, 12 போத்தல், கணக்குச் சரியாக 420 யூரோ. பிள்ளைகளோடு ரயிலில் 12 போத்தலைத் தூக்கிக்கொண்டு எப்படி பாரிஸ் போவீர்கள், பரிசுப் பெட்டியாகக் கட்டி நாங்களே அனுப்புகிறோம், செலவு எங்களுடையது என்றார். யாரோ சொந்தக்காரர் சொல்வது போல இருந்தது. கார்டைக் கொடுத்துவிட்டேன். பற்றுச்சீட்டில் ‘சிவப்பு வைன் 12’ என்று மட்டும் இருந்ததை நான் பார்க்கவே இல்லை.

பெட்டி வந்தது, கையெழுத்துப் போட்டு வாங்கினேன், ரிப்பன் கட்டியிருந்ததால் திறக்கவில்லை. விருந்தன்று ஷெஃப்தான் திறந்தார். ஒரு போத்தலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பெரிய எழுத்தில் ஏதோ பெயர், கடல் படம், கீழே பொடி எழுத்தில் ‘வன் து பிரான்ஸ்’. அதாவது பிரான்ஸில் எந்த மூலைத் திராட்சையையும் கலந்து செய்யலாம். வருஷம் 2024. பந்தோல் சிவப்பு குறைந்தது 18 மாதம் மரப்பீப்பாயில் இருக்க வேண்டும், 1941 இலிருந்து சட்டப்படி பெயர் பெற்ற வைன் அது, 2024 இல் பறித்தது 2025 செப்டம்பரில் போத்தலிலேயே இருக்க முடியாது. இதெல்லாம் மற்றவர்கள் கேட்டபிறகுதான் சொன்னார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, தோளில் தட்டிவிட்டு எல்லோருக்கும் ஊற்றினார். அந்த இடத்தில் நின்ற வெட்கத்தை என்னால் மறக்க முடியாது.

திங்கட்கிழமை கோல் எடுத்தேன். அதே மரியாதைக் குரல்: “அதே தோட்டக்காரருடையதுதான் ஐயா, இன்னும் இளசு, நன்றாக இருக்கும்.” புதன்கிழமை ஒரு பெண் எடுத்தார், பெட்டி மாறியிருக்கும், அனுப்பிய கம்பனியைக் கேளுங்கள் என்றார். கம்பனியில் கேட்டால், எடை சரி, கையெழுத்து இருக்கிறது, உள்ளே என்ன என்று எங்களுக்குத் தெரியாது. மறுபடி கடைக்கு எடுத்தால், முதலாளி அறுவடையில் நிற்கிறார், ஒரு மாதம் கழித்து எடுங்கள். எத்தனை சாட்டு! கடைசியில் மின்னஞ்சலில் இரண்டே வரி: 12 சிவப்பு வைன் கேட்டீர்கள், 12 அனுப்பினோம். இணையத்தில் வாங்கியிருந்தால் 14 நாளுக்குள் திருப்பலாம், நான் கடையில் நின்று வாங்கியதால் அதுவும் கிடையாது. 420 யூரோவுக்கு இரண்டு வரி.

போகிறவர்களுக்கு நிறைய எழுத நினைத்தேன், இப்போது மனம் வரவில்லை. போத்தலில் பந்தோல் என்ற பெயரோடு அப்பெலசியோன் (சட்டப்படி அந்த ஊர்ப் பெயர் பெற்றது என்று அர்த்தம்) என்ற சொல்லும் இருக்கிறதா பாருங்கள். பற்றுச்சீட்டில் பெயரும் வருஷமும் எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் கையோடு தூக்கி வாருங்கள், இல்லையென்றால் வந்த உடனே பெட்டியைத் திறந்து படம் எடுங்கள், பரிசாக இருந்தாலும் திறங்கள்.

அரசாங்கத்தின் சிக்னல் கொன்சோ தளத்தில் முறைப்பாடு போட்டிருக்கிறேன். 13 பேருக்கும் காசைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினேன், மாலிக்காரப் பையன் வாங்க மாட்டேன் என்கிறான். திறக்காத போத்தல்கள் கட்டிலுக்குக் கீழே இருக்கின்றன, சாட்சிக்கு வேண்டும், யாரும் தொடக் கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.