ரொக்வெல்லின் அட்டைகள் திருகோணமலையில்: ஒரு பழம்பொருள் கடை பற்றிய மதிப்புரை

திருகோணமலைக் கடைத்தெருவின் உள் ஒழுங்கையொன்றில் பித்தளை விளக்கும் பழைய சுவர்க்கடிகாரமும் விற்றுவந்த கடை ஒன்று, இப்போது நோர்மன் ரொக்வெல் என்னும் அமெரிக்க ஓவியரின் படங்களையும் விற்கத் தொடங்கியிருக்கிறது. உரிமையாளரின் உறவினர்கள் கனடாவிலுள்ள பழம்பொருள் சந்தைகளில் வாங்கிச் சேர்த்துக் கப்பலில் அனுப்பும் பெட்டிகளில் அவை வந்துசேர்கின்றன. முன்பக்க அலுமாரியில் ரொக்வெல்லின் படம் பதித்த பீங்கான் தட்டுகள் வரிசையாக நிற்கின்றன. உள்ளே, பின்சுவரில், ‘சற்றர்டே ஈவினிங் போஸ்ட்’ சஞ்சிகையின் பழைய அட்டைகள் சட்டமிடப்பட்டுத் தொங்குகின்றன. வாசலோடு திரும்பிவிடுபவர்களின் கண்ணில் தட்டுகள் மட்டுமே படும். வாங்கத் தக்கவை பின்சுவரில் இருக்கின்றன என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

ரொக்வெல் 1894 பெப்ரவரி 3ஆம் திகதி நியூயோர்க் நகரில் பிறந்தார். பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு ஓவியப் பள்ளியில் சேர்ந்த அவர், இருபது வயது நிரம்புமுன்பே ‘போய்ஸ் லைஃப்’ என்னும் சாரணர் சஞ்சிகையின் ஓவியப் பொறுப்பாசிரியராகிவிட்டார். போஸ்ட் சஞ்சிகையில் அவருடைய முதல் அட்டை 1916 மே 20ஆம் திகதி வெளியானது. பந்து விளையாடப் போகும் நண்பர்கள் கேலி செய்ய, சட்டைப்பையில் பால்போத்தலைச் செருகிக்கொண்டு குழந்தையின் தள்ளுவண்டியைத் தள்ளிச் செல்லும் ஒரு சிறுவனின் படம் அது. அன்று தொடங்கி 1963 வரை, நாற்பத்தேழு ஆண்டுகளில், அந்த ஒரு சஞ்சிகைக்கு மட்டும் முந்நூறுக்கும் மேற்பட்ட அட்டைகளை வரைந்தார்.

அட்டை என்றால் வெறும் பிரதிதானே, அதை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. மற்ற ஓவியர்களைப் பொறுத்தவரை அது நியாயமான கேள்வி. ரொக்வெல்லுக்கு அது பொருந்தாது. அவர் தைலவண்ணத்தில் பெரிய துணிமீது வரைந்தது உண்மை. ஆனால் அந்த ஓவியம் எந்தக் கூடத்துச் சுவரையும் எண்ணி வரையப்பட்டதன்று. அது அச்சகத்துக்குப் போய், ஏறத்தாழப் பத்தரை அங்குல அகலமும் பதின்மூன்றரை அங்குல உயரமும் கொண்ட தாளாகி, சஞ்சிகைக் கடையின் முன்னால் கடந்துபோகும் ஒருவரை ஒரே பார்வையில் நிறுத்திக் கதை சொல்ல வேண்டும். அந்தத் தாளில் எது தெளிவாகத் தெரியும், எது மங்கிப்போகும் என்பதைக் கணக்கிட்டே அவர் தூரிகையை எடுத்தார். 1930களின் நடுப்பகுதியிலிருந்து, அயலவர்களை உரிய உடையில் நிறுத்திப் புகைப்படம் எடுப்பித்து, அவற்றைக் கொண்டு முழு அளவிலான கரிக்கோட்டுச் சித்திரம் ஒன்றையும் சிறிய வண்ண மாதிரியையும் ஆக்கிய பிறகே அவர் தைலவண்ணத்துக்கு வந்தார். இத்தனை உழைப்பும் சென்றுசேர வேண்டிய இடம் அச்சிட்ட அட்டைதான். எனவே 1954இல் அச்சான அட்டையை வாங்குபவர், அந்த ஓவியர் மக்கள் கையில் சேர்க்க விரும்பிய பொருளையே வாங்குகிறார்.

அசல் ஓவியங்களோ எளிதில் நெருங்கக்கூடியவையல்ல. வெர்மொண்ட் மாநிலத்தின் ஆர்லிங்டன் ஊரில் அவர் வாழ்ந்த காலத்தில், 1943இல், அவருடைய ஓவியக்கூடம் எரிந்து பல ஓவியங்கள் அழிந்துபோயின. இன்னும் பலவற்றை அவர் நண்பர்களுக்கும் சஞ்சிகை ஆசிரியர்களுக்கும் கொடுத்துவிட்டார். எஞ்சியவற்றின் விலை இன்று நம் கற்பனைக்கு எட்டாதது. ரயில் நிலைய உணவகத்தில் ஒரு மூதாட்டியும் சிறுவனும் தலைகுனிந்து பிரார்த்திக்க, சுற்றியிருப்பவர்கள் பேச்சை நிறுத்திப் பார்க்கும் 1951ஆம் ஆண்டு ஓவியத்துக்குச் சஞ்சிகை அவருக்குக் கொடுத்தது 3,500 டொலர். 2013 டிசெம்பரில் நியூயோர்க் ஏலத்தில் அது 4 கோடி 60 இலட்சம் டொலருக்கு விலைபோனது. திரைப்பட இயக்குநர்களான ஜோர்ஜ் லூக்காஸும் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கும் ரொக்வெல்லின் ஓவியங்களைச் சேகரிப்பவர்கள். 2010இல் அவர்களுடைய சேகரிப்புகள் வொஷிங்டனில் ஒன்றாகக் காட்சிக்கு வைக்கப்பட்டன.

நான் இந்தக் கடையில் வாங்கியது 1954 செப்டெம்பர் 25ஆம் திகதி இதழின் அட்டை. பழைய பாரவண்டியொன்றின் படிப்பலகையில் தகப்பனும் மகனும் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். மகன் கல்லூரிக்குப் புறப்படுகிறான்; புதிய வெளிர்நிற உடை, மடியில் சாப்பாட்டுப் பொதி, ரயில் வரும் திசையை நோக்கி நிமிர்ந்த முகம். தகப்பன் வயலில் நின்ற உடையோடே வந்திருக்கிறார். தம் தொப்பியையும் மகனின் தொப்பியையும் சேர்த்து இரு கைகளாலும் பிடித்தபடி எதிர்த்திசையைப் பார்த்துக் குனிந்திருக்கிறார். இருவரில் ஒருவரும் மற்றவரைப் பார்ப்பதில்லை. நாய் மட்டும் மகனின் தொடைமீது தாடையை வைத்து அவனைப் பிரிய மனமின்றி நிற்கிறது. ரயிலை மறித்து நிறுத்துவதற்கான சிவப்புக் கொடியும் விளக்கும் பெட்டிமேல் தயாராக இருக்கின்றன. திருகோணமலை ரயில் நிலையத்தில் கொழும்புக்குப் போகும் இரவு மெயிலுக்காகப் பிள்ளையோடு காத்திருந்த எந்தத் தகப்பனுக்கும் இந்தப் படத்தை விளக்கத் தேவையில்லை. ரொக்வெல்லின் மூன்று மகன்மாரும் வீட்டைவிட்டுப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் அவர் இதை வரைந்தார்.

இதே ஓவியத்தின் அசல் பட்ட பாட்டையும் சேகரிப்பாளர்கள் அறிந்திருக்க வேண்டும். டொன் டிராச்ட்டி என்னும் கேலிச்சித்திரக்காரர் 1960இல் அதை 900 டொலருக்கு வாங்கினார். பின்னர் அச்சொட்டான பிரதியொன்றைத் தாமே வரைந்து வெளியில் வைத்துவிட்டு, அசலைத் தம் வீட்டில் போலிச்சுவரொன்றின் பின்னால் மறைத்துவிட்டார். அந்தப் பிரதி அருங்காட்சியகத்திலேயே அசலாக எண்ணப்பட்டுக் காட்சியில் இருந்தது. அவர் இறந்த பின், 2006இல், மகன்மார் சுவரின் இடைவெளியைக் கவனித்து அசலைக் கண்டெடுத்தார்கள். அதே ஆண்டு அது 1 கோடி 54 இலட்சம் டொலருக்கு விற்பனையானது. அருங்காட்சியகத்தையே ஏமாற்றக்கூடிய பிரதிகள் உள்ள இந்தத் துறையில், அட்டை வாங்குபவரும் சோதித்தே வாங்க வேண்டும்.

சோதனை கடினமானதன்று. “பின்மட்டையைக் கழற்றிப் பார்க்கலாமா தம்பி?” என்று கேட்டேன். “தாராளமாப் பாருங்கோ ஐயா” என்று சொல்லிக் குறடொன்றை உரிமையாளரே எடுத்துவந்தார். அசல் அட்டையின் பின்புறத்தில் அந்த இதழின் விளம்பரப் பக்கம் இருக்க வேண்டும். வெறும் வெள்ளைத் தாள் தெரிந்தால் அது அண்மைக்காலப் பிரதி. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால், தகப்பனின் கழுத்துச் சிவப்பும் வண்டியின் வண்ணமும் ஒழுங்கான வரிசையில் நிற்கும் சிறுபுள்ளிகளாகப் பிரிந்து தெரியும். வீட்டு அச்சியந்திரத்தில் எடுத்த பிரதியில் அந்த வரிசை இராது. சந்தாதாரரின் முகவரிச் சீட்டு ஒட்டப்படாத அட்டைக்கு மதிப்புக் கூடுதல். நான் வாங்கியதில் சீட்டு உரிக்கப்பட்ட தடம் கீழ்மூலையில் இருந்தது. அதை மறைக்காமல் காட்டியே 7,500 ரூபா விலை சொன்னார். சட்டத்தோடு சேர்த்து அது நியாயமான விலை.

குறை, சட்டமிட்ட முறையில் இருக்கிறது. அட்டையை முழுவதுமாகப் பசை தடவி மட்டையில் ஒட்டியிருக்கிறார்கள். நடுவில் இடைவெளி விடாமல் கண்ணாடி நேரே தாளைத் தொடுகிறது. எழுபது ஆண்டு பழைய தாளுக்கு இது கேடு. நம்முடைய ஊரில் மாரி தொடங்கிவிட்டால் கடற்காற்றின் ஈரம் அலுமாரிக்குள்ளும் புகுந்துவிடும். கண்ணாடியோடு ஒட்டிய தாளில் முதலில் பழுப்புப் புள்ளி விழும், பிறகு பூஞ்சணம் பிடிக்கும், கழற்ற முனைந்தால் மை கண்ணாடியோடு போய்விடும். சட்டமிடும் வேலையை இவர் வெளியில் கொடுத்துச் செய்விக்கிறார். சட்டமிடாமல் உறைக்குள் வைத்திருக்கும் அட்டைகளும் கடையில் உண்டு. கேட்டால் எடுத்துத் தருவார். அதை வாங்கி, மூலைகளை மட்டும் தாளால் பிடித்து, சுற்றிலும் தடித்த மட்டை வைத்துச் சட்டமிடச் செய்வதே நல்லது.

பீங்கான் தட்டுகளுக்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1970களில் தட்டுச் சேகரிப்பு பெருமோகமாகப் பரவியபோது, ரொக்வெல்லின் படங்களைப் பதித்த தட்டுகள் சான்றிதழோடு ஏராளமாக விற்கப்பட்டன. ‘வரையறுக்கப்பட்ட பதிப்பு’ என்று சான்றிதழ் சொல்வது பலவேளைகளில் சூளை இயங்கிய நாள்களின் வரையறையையே குறிக்கும். அந்த நாள்களுக்குள் எத்தனை தட்டுகள் சுடப்பட்டன என்பதை அது சொல்லாது. விலை ஏறும் என்று நம்பி வாங்கியவர்கள் பின்னர் வாங்குவார் இன்றித் தவித்தார்கள். படம் சிறுத்து, வட்டத்துக்குள் நெருக்கப்பட்டு, முகபாவம் கரைந்துபோயிருக்கிறது. ரொக்வெல்லின் உயிர் முகபாவத்தில் இருப்பதால், அது போனபின் எஞ்சுவது அலங்காரமே. இந்தக் கடையில் 5,000 ரூபா கேட்கிறார்கள். அந்தப் பணத்தை அட்டைக்குச் சேர்த்துவைப்பது மேல்.

துணியில் அச்சிட்ட பெரிய சுவர்ப்படங்கள் சிலவும் புதிதாக வந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்று என்னை வருத்தியது. 1963இல் போஸ்ட் சஞ்சிகையை விட்டு விலகிய ரொக்வெல், ‘லுக்’ சஞ்சிகைக்குப் போய், அதுவரை தமக்கு இடம் கிடைக்காத பொருள்களை வரையத் தொடங்கினார். 1964 ஜனவரி 14ஆம் திகதி இதழில் வந்த முதல் பெரிய ஓவியம், நியூ ஓர்லியன்ஸ் நகரில் 1960 நவம்பரில் வெள்ளையர் பள்ளிக்குள் தனியே நுழைந்த ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸைப் பற்றியது. வெண்ணிற உடையில் அவள் நேராக நடக்கிறாள். முன்னும் பின்னுமாக நான்கு அரச காவலர்கள். காவலர்களின் தலையை ஓவியர் வேண்டுமென்றே சட்டத்துக்கு வெளியே விட்டுவிட்டார். பார்ப்பவருக்குக் கிடைக்கும் ஒரே முகம் சிறுமியுடையது. சுவரில் எறிந்த தக்காளி சிதறி வழிகிறது. இடப்பக்கத்தில் வெள்ளை இனவெறிக் கும்பலின் முதலெழுத்துகள் கீறப்பட்டிருக்கின்றன. அசல் ஓவியம் 36 அங்குல உயரமும் 58 அங்குல அகலமும் கொண்டது. கடையிலுள்ள படமோ, வழக்கமான சட்ட அளவுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக இரு பக்கமும் வெட்டப்பட்டதால், அந்த எழுத்துகள் காணாமற்போய்விட்டன. எதை வெட்டுவது என்பதை அங்குலம் அங்குலமாகத் தீர்மானித்த ஓவியரின் படத்தை இன்னொருவர் வெட்டக் கூடாது. கடைக்காரரிடம் இதைச் சொன்னபோது, அச்சிட்டவரிடம் திருப்பி அனுப்புவதாகச் சொன்னார். அனுப்பும்வரை அதை வாங்க வேண்டாம்.

இத்தகைய ஓவியங்களால்தான் ரொக்வெல்லை வெறும் இனிமைக்காரர் என்று ஒதுக்குவது பிழையாகிறது. அவர் வாழ்க்கையும் அவர் வரைந்த வீடுகளைப் போல் அமைந்துவிடவில்லை. முதல் திருமணம் 1930இல் முறிந்தது. அதே ஆண்டு மணந்த மேரி, பிற்காலத்தில் மனநோயால் துன்பப்பட்டார்; அவருடைய சிகிச்சைக்காகவே 1953இல் குடும்பம் மசாசுசெட்ஸ் மாநிலத்தின் ஸ்டொக்பிரிட்ஜ் ஊருக்குக் குடிபெயர்ந்தது. 1959இல் மேரி இறந்துபோனார். அந்த இழப்புக்குப் பிறகு வந்த ஆண்டுகளில்தான் ஓவியரின் பார்வை வெளியுலகின் அநீதிகள்மீது திரும்பியது. 1961 ஏப்ரல் முதலாம் திகதி அட்டையில் பல இனத்தவரையும் சமயத்தவரையும் நெருக்கமாக நிறுத்தி, பிறர் உனக்கு எதைச் செய்ய வேண்டுமென விரும்புகிறாயோ அதையே நீ பிறருக்குச் செய் என்ற வாசகத்தைப் பொன்னெழுத்தில் பொறித்தார். அதன் மொசைக் வடிவம் 1985இல் ஐக்கிய நாடுகள் தலைமையகத்துக்கு அன்பளிப்பாக வழங்கப்பட்டது. அந்த அட்டை கடையில் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒரே வீதியில் பள்ளிக்குப் போகும் இந்த ஊரில், பாடசாலை வாசிகசாலை ஒன்றுக்கு அதைவிடப் பொருத்தமான படத்தை நான் காணவில்லை. அதிபர்கள் எவரேனும் இதை வாசித்தால் ஒன்றையாவது வாங்கிவிடுங்கள்.

உரிமையாளர் ஓவியம் படித்தவரல்லர்; ஆயினும் கேட்டதற்கு நேர்மையாகப் பதில் சொல்கிறார், தெரியாததைத் தெரியாது என்கிறார். பணம் கையில்தான் கொடுக்க வேண்டும்; வங்கி அட்டையால் செலுத்தும் வசதி இல்லை. வேண்டிய இதழின் திகதியைச் சொன்னால் கொப்பியில் குறித்து வைத்து, கனடாவிலிருந்து அடுத்த பெட்டி வரும்போது தேடித் தருகிறார். ரொக்வெல் நேருவை வரைந்த 1963 ஜனவரி 19ஆம் திகதி இதழை நான் பதிந்திருக்கிறேன். அதற்கு அவர் முற்பணம் கேட்கவில்லை.