டின் சூப்புக்குப் பதிலாக எது: கார்ன்ஃப்ளாரா, அரிசி மாவா, கடைச் சூப்பா?

"ஒரு டின் க்ரீம் ஆஃப் மஷ்ரூம் சூப் ஊற்றவும்." க்ளூட்டன் (கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள புரதம்) ஆகாதவர்களுக்குச் சமைப்பவர்கள் திகைத்து நிற்பது சமையல் குறிப்பின் இந்த ஒரு வரியில்தான். காளானும் பாலும் பிரச்சினை இல்லை. சூப்பைக் கெட்டியாக்கப் போடும் கோதுமை மாவுதான் வம்பு. சாதாரண தக்காளி சூப் டின்னிலும் அது இருக்கலாம்.

குறிப்புகளில் சொல்லும் டின் பெரும்பாலும் சுண்டவைத்த சூப். ஏறக்குறைய 300 கிராம், அதாவது ஒன்றே கால் கப். ருசியை விட அந்தக் கெட்டித்தன்மையை நம்பித்தான் குறிப்பையே எழுதியிருப்பார்கள். அதனால் மாற்றைத் தேர்ந்தெடுக்கும் முன், சமைத்தது உடனே தட்டுக்குப் போகிறதா, ஓவனில் நெடுநேரம் இருக்கப் போகிறதா, ஃப்ரீசருக்கா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

உடனே பரிமாறுவதென்றால் கார்ன்ஃப்ளார் போதும். மைதாவில் பாதி அளவே பிடிக்கும். 2 மேசைக்கரண்டியைக் குளிர்ந்த பாலில் கரைத்து, சூடான பாலும் காய்கறிச் சாறுமாக ஒரு கப்பில் ஊற்றிக் கிளறினால், கொதி வந்ததும் இறுகிவிடும். ஆனால் அதன் பலம் அவ்வளவுதான். நெடுநேரம் கொதித்தாலோ, விடாமல் கிளறினாலோ, புளிப்பு சேர்ந்தாலோ இளகிப்போகும். உறையவைத்து எடுத்தால் தண்ணீர் தனியே பிரிந்து நிற்கும். மெதுவாக வேகும் பாத்திரத்தில் சமைப்பவர்கள் இதைக் கடைசி அரை மணி நேரத்தில் சேர்ப்பதே சரி.

என் ஓட்டு அரிசி மாவுக்கு. மைதாவைப் போலவே வெண்ணெயில் வறுக்கலாம். 2 மேசைக்கரண்டி வெண்ணெய்க்கு 3 மேசைக்கரண்டி மாவு, பிறகு ஒன்றே கால் கப் பாலும் சாறும் கொஞ்சம் கொஞ்சமாக. ஓவன் சூட்டைத் தாங்கும். குறை என்றால் ஒன்றுதான்: சரியாக வேகாவிட்டால் நாக்கில் நறநறக்கும். கொதித்த பின் ஐந்தாறு நிமிடம் சிறு தீயில் விட்டால் சரியாகிவிடும். ஃப்ரீசருக்குப் போவதென்றால் சாதாரண அரிசியை விட ஒட்டும் அரிசியின் மாவு மேல். அதில் ஏறத்தாழ எல்லாமே அமைலோபெக்டின் என்ற மாவுச்சத்து. உருகிய பிறகும் தண்ணீர் அதிகம் பிரியாது. காளானைத் தனியாக வெண்ணெயில் ஈரம் வற்றும்வரை வதக்கிச் சேர்த்தால், டின் சூப் பக்கத்தில் நிற்க முடியாது.

ஆரோரூட்டைப் பால் சூப்பில் போடாதீர்கள், கொழகொழத்துப் போகும். மரவள்ளி மாவு உறைநிலையைத் தாங்கும். ஆனால் இழுத்தால் நூல் நூலாக வரும்.

க்ளூட்டன் இல்லாத கடைச் சூப் வாங்கினால் வேலை மிச்சம், ஆனால் ஏமாற்றமும் அங்கேதான். அட்டைப் பெட்டியில் வருபவை பல, அப்படியே குடிக்கத் தயாரானவை. குறிப்பில் டின்னுக்குப் பதில் அதை ஊற்றினால் எல்லாம் தண்ணீராகிவிடும். சுண்டக் காய்ச்சுங்கள், அல்லது குறிப்பில் உள்ள மற்ற பாலையோ தண்ணீரையோ குறையுங்கள். க்ளூட்டன் இல்லாத சுண்டவைத்த சூப் கிடைத்தால் கவலையே இல்லை.

அடிக்கடி தேவைப்படுபவர்கள் பொடி கலந்து வைத்துக்கொள்ளலாம்: 2 கப் பால் பவுடர், முக்கால் கப் கார்ன்ஃப்ளார், கால் கப் ஸ்டாக் பொடி (காய்கறி அல்லது இறைச்சிச் சாற்றுப் பொடி), கொஞ்சம் உலர்ந்த வெங்காயம், மிளகு. மூன்றில் ஒரு கப் பொடியை ஒன்றே கால் கப் தண்ணீரில் காய்ச்சினால் ஒரு டின் கணக்கு. கார்ன்ஃப்ளாரின் குறைகள் இதிலும் உண்டு. தக்காளி சூப்புக்கு இந்தச் சுற்றே வேண்டாம். தக்காளி பேஸ்ட், தண்ணீர், சிட்டிகைச் சர்க்கரை, அவ்வளவுதான்.

கெட்டியாக்கும் மாவை மாற்றிவிட்டுப் பலர் கோட்டை விடுவது ஸ்டாக் கட்டியிலும் சோயா சாஸிலும். இரண்டிலுமே கோதுமை இருக்கலாம். பார்லி மால்ட்டும் சில ஸ்டாக் கட்டிகளில் உண்டு. அரிசி மாவும் கோதுமை அரைத்த மில்லிலேயே அரைபட்டிருந்தால், க்ளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயாளிக்கு உதவாது. கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் க்ளூட்டன் இருந்தால், அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 'க்ளூட்டன் இல்லாதது' என்று லேபிளில் போட முடியாது. மாவு, ஸ்டாக், சாஸ் மூன்றிலும் அந்த வாசகத்தைத் தேடிவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.