ஃப்ளை கட்டும் சாமான்: ஊர்க் கடையா, இணையமா?

தூண்டில் முள்ளில் நூலைச் சுற்றி, இறகும் மயிரும் வைத்துக் கட்டினால் பூச்சி போல ஒன்று வரும். ட்ரவுட் மீன் அதை நிஜப் பூச்சி என்று நம்பிக் கவ்வ வேண்டும். இந்த ‘ஃப்ளை டையிங்’ கொலராடோவுக்கு வந்த பிறகு எனக்குத் தொற்றிக்கொண்டது. இங்கே புதிதாகத் தொடங்கும் நம்மவர்கள் முதலில் கேட்பது, சாமானை எங்கே வாங்குவது என்றுதான். ஊரிலுள்ள ஃப்ளை ஷாப், பெரிய விளையாட்டுப் பொருள் அங்காடி, இணையம் என்று மூன்று வழி உண்டு.

அங்காடியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வரிசையாகப் பொட்டலங்கள் தொங்கும், விளக்கிச் சொல்ல ஆள் கிடைப்பது அரிது. அவசரத்துக்கு நூல் வாங்கலாம். உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

முதலில் ஹாக்கிள், அதாவது சேவலின் கழுத்து, முதுகு இறகுகள். தண்ணீர்மேல் மிதக்கும் உலர் ஃப்ளையை நிறுத்திப் பிடிப்பது இதுதான். இறகின் இழை, முள்ளின் வாய் அகலத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும், விறைப்பாகவும் இருக்க வேண்டும். இதற்கென்றே சேவல் வளர்க்கும் வைட்டிங் பண்ணை எங்கள் மாநிலத்தில் டெல்டா என்ற ஊரில் இருக்கிறது. இறகோடு உரித்த தோலை அவர்கள் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் பிரிக்கிறார்கள். ஆனால் ஒரே தரத்தில் இரண்டு தோல்களை அருகருகே வைத்துப் பாருங்கள், ஒன்றுபோல் இருக்காது. ஒன்றில் 16-ஆம் எண் முள்ளுக்கான சிறிய இறகு நிறைய இருக்கும், இன்னொன்றில் 12, 14-தான் மிகுதி (எண் கூடக்கூட முள் சிறிதாகும்).

இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். 1922-இல் மிச்சிகனில் லெனார்ட் ஹாலடே உருவாக்கிய ‘ஆடம்ஸ்’ ஃப்ளைக்குக் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட ‘கிரிஸ்லி’ இறகும் பழுப்பு இறகும் வேண்டும். ஒரு இணையக் கடையில் படத்தைப் பார்த்து கிரிஸ்லி தோல் வரவழைத்தேன். வந்தது வேறு தோல், 16-க்கு ஏற்ற இறகு சொற்பம். திருப்பி அனுப்பும் செலவும் என் தலையில். ஃப்ளை ஷாப்பில் தோலை உறையிலிருந்து எடுத்து, வளைத்து, இறகை அளவுகோலில் வைத்துப் பார்த்து வாங்கலாம். விலையிலும் பெரும்பாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

மான் மயிர் இன்னும் சிக்கல். உள்ளே காற்றறை உள்ள மயிர், நூலை இறுக்கினால் விசிறிபோல விரியும். சில ஃப்ளைகளுக்கு அந்த விரிப்பு வேண்டும். ‘எல்க் ஹேர் காடிஸ்’ என்ற ஃப்ளையின் இறக்கைக்கோ அதிகம் விரியாத, நுனி உடையாத மயிர் வேண்டும். உடலின் எந்தப் பகுதி, எந்தப் பருவத்துத் தோல் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். இணையத்தில் அது வெறும் ‘மான் மயிர்’. நான் போகும் கடையில் முதல் கேள்வியே “என்ன ஃப்ளை கட்டப் போறீங்க?” என்பதுதான். அந்தக் கேள்விக்காகவே அங்கே போகிறேன்.

இணையம் வெல்லும் இடமும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஃப்ளையை மூழ்கவைக்கும் டங்ஸ்டன் மணிகள் மொத்தமாக வாங்கினால் இணையத்தில் மிகவும் மலிவு. அளவு சொன்னால் போதும், ஒன்றுக்கொன்று வேறுபாடில்லை. முள்ளும் அப்படித்தான். கடை தொலைவில் உள்ள ஊர்களில் இருப்பவர்களுக்கு இணையம்தான் வழி, அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் 2011-ஐ மறக்கக் கூடாது. அந்த ஆண்டு பெண்கள் தலைமுடியில் கிரிஸ்லி இறகு செருகிக்கொள்வது நாடெங்கும் மோகமானது. 40 முதல் 60 டாலர் வரை விற்ற பொட்டலம் இணைய ஏலத்தில் 480 டாலருக்குப் போனது. பணம் அதிகம் தருபவருக்கே அங்கே சரக்கு. சில ஃப்ளை ஷாப்காரர்கள் மட்டும் கொஞ்சத்தை எடுத்து, வழக்கமாக வருகிற ஃப்ளை கட்டுபவர்களுக்கென்று ஒதுக்கிவைத்தார்கள்.

இன்னொன்று, விலைச்சீட்டில் ஏறாத சரக்கு. எங்கள் மாநிலத்து டெக்கர்ஸ் ஊர்ப் பக்கம் சவுத் பிளாட் ஆற்றில் தண்ணீர் தெளிவு, மீனுக்குச் சந்தேகம் அதிகம். 20, 22 என்று நகக்கண் அளவு ஃப்ளைகள்தான் அங்கே பேசும். டென்வரில் வாழ்ந்த ரிம் சங் அந்த ஆற்றுக்காகவே ‘ஆர்எஸ்2’ என்ற எளிய ஃப்ளையை உருவாக்கினார். இந்த வாரம் அதைச் சாம்பலில் கட்டுவதா கறுப்பிலா என்பதை, நேற்று ஆற்றில் நின்ற கடைக்காரர் சொல்வார். குளிர்காலத்தில் பக்கத்தில் உட்காரவைத்துக் கட்டவும் கற்றுத் தந்தார்.

அதனால்தான் அங்கே அரைமணி நேரம் தோல்களைப் புரட்டி, யோசனையும் கேட்டுக்கொண்டு, வாசலில் நின்றே போனில் வேறிடத்தில் ஆர்டர் போடுவதைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. யோசனை அங்கே கேட்டால் சாமானும் அங்கேயே வாங்குங்கள்.

புதியவர்கள் எடுத்ததும் முழுத் தோல் வாங்க வேண்டாம். ஒரே எண்ணில் ஏறக்குறைய நூறு ஃப்ளை கட்டும் அளவுக்குப் பிரித்த இறகுப் பொட்டலம் கிடைக்கும். 16-ஆம் எண்ணில் கிரிஸ்லி ஒன்று, பழுப்பு ஒன்று, சாம்பல் டப்பிங் (நூலில் திரித்து உடலாகச் சுற்றும் பஞ்சு போன்ற இழை) ஒன்று, மெல்லிய கறுப்பு நூல் ஒன்று. குளிர்காலம் முழுக்க ஆடம்ஸ் கட்ட இது போதும். முதல் ஐந்தாறைக் கடைக்கு எடுத்துப்போய்க் காட்டுங்கள், எங்கே இறகு நெருக்கமாகிவிட்டது என்று சொல்லித் தருவார்கள்.