ஓடிடி சந்தா, திருட்டுப் பதிவு, ப்ளூரே: எதில் என்ன கிடைக்கிறது?

ஒரு தொடரை இரண்டாம் சீசன் பாதி வரை பார்த்து வைத்திருந்தேன். அடுத்த வாரம் ஆப்பைத் திறந்தால் தொடரையே காணோம். உரிமம் முடிந்துவிட்டதாம். சந்தா மட்டும் முடியவில்லை, அது தேதி தவறாமல் கழிந்தது. மீதி எங்கே என்று தேடினால் இன்னொரு நிறுவனத்தின் பெயர் வந்தது, அதற்குத் தனிச் சந்தா. அதற்குக் கீழேயே ஒரு திருட்டுத் தளம் எல்லா சீசன்களையும் வரிசையாக அடுக்கி வைத்திருந்தது. கை கொஞ்சம் தயங்கியது என்பதை மறைக்க விரும்பவில்லை.

தேடி எடுப்பதில் திருட்டுதான் முதலிடம், இதில் சந்தேகமே இல்லை. நெட்ஃபிளிக்ஸ் 2007இல் ஸ்ட்ரீமிங் தொடங்கியபோது பட நிறுவனங்கள் அதற்குப் படங்களை விற்றன. பிறகு ஆளுக்கொரு கடை போட்டார்கள். 2019இல் டிஸ்னி பிளஸ், 2020இல் எச்பிஓ மேக்ஸ். விற்ற சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பாட்டு ஆப்களில் இந்தக் கூத்து இல்லை. எதை எடுத்தாலும் ஏறக்குறைய அதே பாட்டுகள்தான். பாட்டைத் திருடி இறக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு மறந்தே போனதற்கு அதுதான் காரணம். கேம் விற்கும் வால்வ் நிறுவனத்தின் கேப் நியூவெல் 2011இலேயே, திருட்டு என்பது பெரும்பாலும் விலைப் பிரச்சினை அல்ல, சேவைப் பிரச்சினை என்று சொல்லிவிட்டார்.

படத் தரத்தில் கதை வேறு. 4கே திட்டத்துக்குப் பணம் கட்டியிருந்தாலும், உங்கள் கருவியின் டிஆர்எம், அதாவது நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டின் நிலை போதவில்லை என்றால் மங்கலான படம்தான் வரும். ஆண்ட்ராய்டு போன்களில் வைட்வைன் என்ற பூட்டை எல்3 (கீழ்நிலை), எல்1 (மேல்நிலை) என்று பிரிப்பது இதைத்தான். இந்தப் பூட்டு திருடுபவரைத் தடுத்ததாகத் தெரியவில்லை, வெளியான அன்றே பதிவு வெளியே வந்துவிடுகிறது. மாட்டிக்கொள்வது காசு கட்டியவர். அதற்காகத் திருட்டுக் கோப்பு உசத்தி என்று சொல்லிவிட முடியாது. அநியாயத்துக்குச் சுருக்கிவிட்டுப் பெயரில் மட்டும் 4கே என்று எழுதியிருப்பார்கள். சப்டைட்டில் நாலு நொடி தள்ளி ஓடும். தரம்தான் முக்கியம் என்றால் ப்ளூரே வட்டு. 4கே ப்ளூரேயில் நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேலும் போக முடியும். நெட்ஃபிளிக்ஸ் தன் 4கேவுக்குப் பரிந்துரைக்கும் இணைய வேகமோ 15 மெகாபிட். இருண்ட காட்சி ஒன்றை இரண்டிலும் பாருங்கள், தெரிந்துவிடும்.

சந்தா மீதான என் கோபம் விலையால் வந்ததில்லை, பேச்சு மாறுவதால் வந்தது. பாஸ்வேர்டைப் பகிர்வதுதான் அன்பு என்று 2017இல் ட்விட்டரில் எழுதிய நெட்ஃபிளிக்ஸ், 2023இல் அதே பகிர்வுக்குக் கூடுதல் கட்டணம் கேட்டது. பிரைம் வீடியோ 2024 தொடக்கத்தில் சில நாடுகளில் விளம்பரத்தைப் புகுத்தியது, அது வேண்டாம் என்றால் மேலே கட்ட வேண்டும். டிஸ்னி பிளஸ் 2023இல் தானே தயாரித்தவற்றையே தூக்கியது, அந்த மே மாதம் வெளியான ஒரு படம் ஏழே வாரத்தில் போனது. வட்டிலும் வராத படைப்பை இப்படி எடுத்துவிட்டால் மிஞ்சுவது திருட்டுப் பிரதி மட்டும்தான். அந்த இடத்தில் திருட்டுக்கு எதிராகப் பேச எனக்கே வாய் வரவில்லை.

சரி, திருட்டின் மறுபக்கம். இலவசத் தளங்களில் போலி 'டவுன்லோட்' பட்டன்கள், தானாகத் திறக்கும் பக்கங்கள், கூடவே வைரஸ். டோரன்ட் என்பது பயனர்கள் ஒருவருக்கொருவர் கோப்பைப் பகிரும் முறை, அதில் இறக்கும்போதே நீங்கள் மற்றவர்களுக்கு ஏற்றிக்கொண்டும் இருக்கிறீர்கள். உங்கள் ஐபி முகவரி அந்தக் கூட்டத்துக்கே தெரியும், வழக்குப் போடக் காத்திருப்பவருக்கும் தெரியும். புதுப்படம் பறந்து வரும். பழைய சின்னப் படம் என்றால் முழுக் கோப்பையும் வைத்துப் பகிரும் 'சீடர்' (seeder) ஒருவர்கூட இல்லாமல் 97 சதவீதத்தில் நின்றுவிடும். எல்லாவற்றிலும் மட்டம் திருட்டு ஐபிடிவி, அதாவது சேனல்களையும் படங்களையும் அனுமதியின்றி இணையத்தில் காட்டும் சேவை. அதற்கும் மாதாமாதம் காசு கொடுக்கிறோம், படம் எடுத்தவருக்கு அதில் ஒரு பைசா போகாது, நம் கார்டு விவரம் முகம் தெரியாதவர் கையில்.

ஓடிடி பணம் மட்டும் படைப்பாளிக்கு நேராகப் போகிறதா என்று கேட்கலாம். 2023இல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள், ஸ்ட்ரீமிங்கில் வரும் பங்கு போதவில்லை என்பது அதில் முக்கியமான குறை. ஆனாலும் சந்தாவில் பார்த்தால், எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கிலாவது ஏறும். ஒரு தொடருக்கு அடுத்த சீசன் உண்டா இல்லையா என்பதை அந்தக் கணக்கை வைத்தும்தான் முடிவு செய்கிறார்கள்.

என் ஏற்பாடு இது: ஒரு நேரத்தில் ஒரே சந்தா. வருடத் திட்டம் கிடையாது. வேண்டியதைப் பார்த்ததும் ரத்து, அப்புறம் அடுத்தது. திரும்பத் திரும்பப் பார்க்கிற படங்களுக்கு வட்டு, அதற்கு அலமாரியில் இடமும் ஒரு பிளேயரும் வேண்டும்தான். 'வாங்கு' என்று பட்டன் வைத்து விற்கும் டிஜிட்டல் பிரதியை நம்புவதில்லை, அதுவும் உரிமம்தான். அந்தத் தொடரின் மீதியை இன்னும் பார்க்கவில்லை. அந்த நிறுவனத்தின் முறை இரண்டு மாதம் கழித்து வருகிறது, அதுவரை தொடர் அங்கேயே இருக்க வேண்டும்.