பிரஷ்யாவும் போலந்தும்: படைச் செலவை யார் ஏற்றது?

17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் போர் பெருஞ்செலவாகிவிட்டது. துப்பாக்கிக் காலாட்படை, பீரங்கி, பீரங்கியைத் தாங்கும் கோட்டை, எல்லாவற்றுக்கும் ஆண்டு முழுவதும் காசு வேண்டும். அதை யார் தருவது என்பதில்தான் அண்டை நாடுகளான பிரஷ்யாவும் போலந்தும் வெவ்வேறு வழியில் போயின.

பெர்லினைச் சுற்றியிருந்த பிராண்டன்பர்க்கையும் பிரஷ்யாவையும் சேர்த்து ஆண்ட பிரெடரிக் வில்லியம், 1653-இல் பிராண்டன்பர்க் பிரபுக்களோடு பேரம் பேசினார். ஆறு ஆண்டுகளில் 5,30,000 தாலர் (அன்றைய வெள்ளிக் காசு) தர அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். பதிலுக்கு, குடியானவர்கள் மீது அவர்களுக்கிருந்த பிடியை அவர் உறுதிசெய்தார். (சுமை யார் தலையில் விழுந்தது என்று சொல்லவா வேண்டும்!) கெடு முடிந்த பிறகும் வரி நிற்கவில்லை. அதை வசூலிக்க வந்த போர்த்துறை அதிகாரிகளே மெல்ல மெல்ல அரசாங்கமாகிவிட்டார்கள். 1740-இல் பிரஷ்யப் படையில் சுமார் 80,000 பேர்.

போலந்திலோ, நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு பிரபு 'முடியாது' என்றால் போதும், கூட்டமே கலையும். 1652-இல் அப்படித்தான் ஆனது. வீரத்துக்குக் குறைவில்லை, 1683-இல் துருக்கியரிடமிருந்து வியன்னாவைக் காத்ததில் போலந்துக் குதிரைப்படைக்குப் பெரும் பங்கு. ஆனால் 1717-இல் படைக்கு 24,000 என்று உச்சவரம்பு வைத்தார்கள், அதுவும் நிரம்பவில்லை.

பிரபுக்களின் சுதந்திரத்தைப் பார்த்தால் போலந்துதான் மேல். சரி, தாக்குப்பிடித்தது யார்? 1657 வரை பிரஷ்யக் கோமகன் போலந்து அரசருக்குக் கட்டுப்பட்டவர். 1772-இல் அதே வம்சம் ரஷ்யா, ஆஸ்திரியாவோடு சேர்ந்து போலந்தைக் கூறுபோடத் தொடங்கியது. 1795-இல் வரைபடத்தில் போலந்தே இல்லை.