கொலம்போ: ‘சூட்டபிள் ஃபார் ஃப்ரேமிங்’ – கையுறைக்காகவே பார்க்கலாம்

கொலம்போ என்ற துப்பறியும் போலீஸ்காரர் வரும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், 1971 நவம்பரில் ஒளிபரப்பான கதை இது. கொலைகாரன் யாரென்று எடுத்த எடுப்பிலேயே காட்டிவிடுவார்கள் என்பதால் முடிவைச் சொன்னாலும் பெரிய பாவமில்லை.

ஓவிய விமர்சகன் டேல் கிங்ஸ்டன் (ராஸ் மார்ட்டின்), பியானோ வாசித்துக்கொண்டிருக்கும் மாமாவைச் சுடுகிறான். சூடு ஆறாமலிருக்க உடலை மின்போர்வையால் மூடிவிட்டு, கண்காட்சிக்குப் போய் நாலு பேர் கண்ணில் படுகிறான். கூட்டாளிப் பெண் டிரேசி பிறகு காவலாளி காதில் விழும்படி ஒரு குண்டு சுட்டுவிட்டு ஓடுகிறாள்.

மருத்துவம் இங்கே கொஞ்சம் இடிக்கிறது. இறந்த உடலின் சூடு தோராயமாக மணிக்கு ஒரு டிகிரி செல்சியஸ் இறங்கும். போர்வை அதைத் தடுக்கும், சரி. ஆனால் அதே சூடு விறைப்பைச் சீக்கிரம் கொண்டுவரும். சூடும் விறைப்பும் கணக்கு ஒத்துப்போகாவிட்டால் பிரேதப் பரிசோதனையில் சந்தேகம் தட்டவேண்டும். கதை அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

திருட்டுபோலக் காட்ட எடுத்தவை பிரெஞ்சு ஓவியர் டெகாவின் இரண்டு பாஸ்டல் (வண்ணக்குச்சி) ஓவியங்கள். பாஸ்டல் பொடி தாளின் மேலாகத்தான் ஒட்டி நிற்கும், உரசினால் உதிரும். அதைப் பையில் தூக்கிக்கொண்டு விமர்சகனே அலைவதைப் பார்க்க வயிறு கலங்குகிறது. அவன் வீட்டில் காத்திருக்கும் கொலம்போ, "என்ன படம், பார்க்கலாமா?" என்கிற தோரணையில் அந்தப் பைக்குள் கைவிடுவார். கண் அங்கேயே இருக்கட்டும். பழியை மாமாவின் முன்னாள் மனைவி எட்னா அத்தை தலையில் கட்ட, படங்களை அவள் வீட்டில் ஒளித்துவைக்கிறான் கிங்ஸ்டன். அவற்றில் கிடைப்பது கொலம்போவின் கைரேகை! "இப்போதுதானே தொட்டாய்" என்று அவன் கத்த, கொலம்போவின் கோட்டுப் பையிலிருந்து கைகள் வெளியே வருகின்றன, கையுறையோடு.

பொருளே சாட்சி சொல்வது டெல்டாக்காரர்களுக்குப் புதிதில்லை. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகம் ஊற்றியதும் அச்சை உடைத்துவிடுவார்கள். அதனால் ஒரு சிலை போல இன்னொன்று அச்சாக அமையாது. திருடுபோன சிலையை அடையாளம் காட்ட பழைய புகைப்படம் ஒன்று போதும். கொள்ளிடத்துக்கு அப்பால் ஸ்ரீபுரந்தானில் திருடுபோய், ஆஸ்திரேலிய தேசியக் காட்சிக்கூடம் 2008-ல் 50 லட்சம் டாலருக்கு வாங்கிய நடராசரை அடையாளம் காட்டியவை புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் படங்கள்தான். 2014-ல் சிலை நாடு திரும்பியது.

கிம் ஹன்டரின் வெகுளி எட்னா அருமை. டிரேசியைத் தீர்த்துக்கட்டும் காட்சிதான் அவசரக் கோலம். போர்வை வரை யோசித்தவன் கையில் கடைசியில் ஒரு கல்லைக் கொடுத்துவிட்டார்கள்.